கச்சானிலும் வாடையிலும் புறா விடலாமா?

தூரத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டுக்குத் திரும்பப் பறக்க வைக்கிற பந்தயத்துக்கு, சனிக்கிழமை பின்னேரம் புறாவைக் கூடையில் அடைக்கிற நேரத்தில்தான் போன் அடிக்கத் தொடங்கும். "அண்ணன், காத்து கூடவாக் கிடக்கு, நாளைக்கு விடலாமா?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் விடுவதென்று ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள். என் வாயாலும் ஒருதரம் "விடு" என்று வந்தால் சந்தோசம், அவ்வளவுதான். மற்றப் பாதிப் பேர் தென்னோலை ஆடினாலே கூடையைத் திறந்து புறாவைத் திரும்பக் கூட்டுக்குள் விட்டுவிடுகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் சொல்வது ஒன்றுதான். காற்று எத்தனை கிலோமீற்றர் வேகம் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது புறாவை எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு நேரம் கூடுதலாகப் பறக்க வைக்கும், வெயில் ஏறும்போது புறா எந்த இடத்தில் இருக்கும் என்று பாருங்கள். எதிர்காற்றால் புறா பிந்தும். கடல் பக்கம் தள்ளுகிற காற்றால்தான் புறா இல்லாமலே போகும்.

எனக்கு மட்டக்களப்பு கல்லடியில் வெல்டிங் கடை. கடைக்கு மேலே மொட்டைமாடியில் கூடு. கிழக்கே நடந்து போகிற தூரத்தில் கடல், மேற்கே வாவி. நான் எழுதுவதெல்லாம் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள எழுவான்கரைக் கூடுகளை மனதில் வைத்துத்தான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலோ அம்பாறை நகரப் பக்கமோ கூடு வைத்திருப்பவர்களுக்குக் கடல் பயம் குறைவு, ஆனால் கணக்கு ஒன்றுதான்.

முதலில் கோடு போடுங்கள்

போனில் வரைபடத்தைத் திறந்து, விடுகிற இடத்திலிருந்து உங்கள் கூட்டுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். கல்லடிக்கு நேர்கோட்டில் பொலன்னறுவை 80 கிலோமீற்றர் அளவில் வரும். ஹபரணை 110, திருகோணமலையும் கிட்டத்தட்ட அதே தூரம், பொத்துவில் 95. றோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புறா வீதியைப் பார்த்துப் பறப்பது உண்மைதான், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் அதைக் காட்டினார்கள். ஆனாலும் பந்தய வேகம் நேர்கோட்டில்தான் கணக்கிடப்படுகிறது.

அந்தக் கோட்டின்மேல் காற்றை வையுங்கள். வானிலை அறிக்கையில் "தென்மேற்குத் திசையிலிருந்து" என்று சொன்னால் காற்று வடகிழக்கு நோக்கிப் போகிறது. புதிதாகத் தொடங்கிய பெடியன்கள் செயலியில் இருக்கிற அம்பைப் பார்த்து இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வது உண்டு. சந்தேகம் வந்தால் வீட்டு முற்றத்தில் நின்று, வடகிழக்கு வாடை எந்தப் பக்கத்தால் முகத்தில் அடிக்கும், தென்மேற்குக் கச்சான் எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

நமக்கு வருசத்தில் பெரிய காற்று இரண்டு. டிசம்பர் தொடங்கி பெப்ரவரி வரை வடக்கு, வடகிழக்கிலிருந்து வாடை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கு, தென்மேற்கிலிருந்து கச்சான். கச்சான் சாதாரணக் காற்றல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. அமெரிக்க வானிலையியல் கழகத்தின் கலைச்சொல் தொகுப்பிலேயே கச்சான் என்ற பெயர் இருக்கிறது. அதில் மட்டக்களப்பைப் பெயர் சொல்லி, கடற்காற்றையும் அமுக்கிவிட்டு வெப்பத்தை 38 பாகை செல்சியஸ் வரை ஏற்றுகிற காற்று என்று எழுதியிருக்கிறார்கள். யூலையில் பின்னேரம் கல்லடிப் பாலத்தில் மோட்டார்சைக்கிள் ஓடினவர்களுக்கு அதை யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை.

ஒரே காற்று ஒவ்வொரு கோட்டிலும் ஒவ்வொரு வேலை செய்யும். நம் ஆட்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

ஹபரணை, பொலன்னறுவையிலிருந்து வருகிற புறா கிழக்கே, கொஞ்சம் தெற்குச் சாய்ந்து பறக்கிறது. நேர் மேற்குக் காற்றென்றால் அதற்கு நல்ல பின்காற்று. கச்சான் தென்மேற்காகத் திரும்பினால் வலப்பக்கம் பின்னாலிருந்து அடித்து, புறாவை இடப்பக்கம் கல்குடா, பாசிக்குடாப் பக்கம் தள்ளும். வாடையில் கதை வேறு. இடப்பக்கம் முன்னாலிருந்து காற்று வரும். புறா பிந்தும், ஆனால் அது தள்ளுப்படுவது வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம். கீழே நிலம், வயல், குளம். களைத்தாலும் இறங்கி இருந்துவிட்டு மறுநாள் வந்து சேரும். ஆகவே இந்தக் கோட்டில் வாடையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

திருகோணமலைக் கோடு எனக்குப் பிடிக்காத கோடு. வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், வாகரையிலிருந்து கல்குடா வரை அது கரையோரமாகவே வருகிறது. சில இடத்தில் கரையைத் தாண்டிக் கடல்மேலும் நிற்கிறது. கச்சான் அடித்தால் வலப்பக்கத்திலிருந்து நேராகக் கடலுக்குள் தள்ளும். மணிக்கு 20 கிலோமீற்றர் பக்கத் தள்ளுகையைச் சரிசெய்யாமல் ஒரு புறா அரை மணிநேரம் பறந்தால் கோட்டிலிருந்து 10 கிலோமீற்றர் விலகியிருக்கும். ஹபரணைக் கோட்டில் அந்த 10 கிலோமீற்றர் காடும் வயலும். இங்கே அது தண்ணீர். அனுபவமுள்ள புறா கரையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குச் சாய்ந்து வரும். முதல் வருசக் குஞ்சு அப்படி வராது. யூன், யூலை, ஓகஸ்டில் திருகோணமலையிலிருந்து குஞ்சு விடுவதற்கு யார் கூப்பிட்டாலும் என் கூட்டிலிருந்து ஒன்றும் போகாது. வாடையில் அதே கோடு நல்லது. காற்று சற்றுப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்து நிலத்தின் பக்கம் தள்ளும்.

பொத்துவில் கோடு இதற்கு நேர்மாறு. புறா கிட்டத்தட்ட நேர்வடக்கே வருகிறது. வாடைதான் இங்கே உண்மையான எதிர்காற்று. கச்சான் பின்னாலிருந்து உதவி செய்துகொண்டே கடல் பக்கமும் தள்ளும். ஆனால் இலங்கையின் கிழக்கு முனையான சங்கமன்கண்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கரை கிழக்கே வளைந்து நிற்பதால் கோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பல இடங்களில் சில கிலோமீற்றர் நிலம் மிஞ்சுகிறது. அக்கரைப்பற்று நேரில் அந்த இடைவெளி கூடுதல். இந்த நிலம்தான் நமக்குக் காப்பு. அதனால் கச்சான் காலத்தில் கரையோரப் பந்தயம் வைக்கத்தான் வேண்டும் என்றால் வடக்கே போகாமல் தெற்கே போங்கள்.

இனிக் கணக்கு

காற்றில்லாத நேரத்தில் ஒரு நல்ல ஹோமர் (கூடு திரும்புகிற பந்தயப் புறா) மணிக்கு 65 கிலோமீற்றர் அளவில் வரும் என்று வைத்துக்கொள்வோம். பந்தயக் கணக்கில் சொன்னால் நிமிடத்துக்கு 1080 மீற்றர். உங்கள் கூட்டுப் புறாவின் வேகம் குறிப்புக் கொப்பியில் இருந்தால் அதைப் போடுங்கள்.

ஹபரணை 110 கிலோமீற்றர். காற்றில்லாவிட்டால் 1 மணி 42 நிமிடம். நேர் எதிர்காற்று 25 என்றால் மிஞ்சுவது 40, எடுப்பது 2 மணி 45 நிமிடம். எதிர்காற்று 40 என்றால் மிஞ்சுவது 25தான், 4 மணி 24 நிமிடம். கவனியுங்கள், காற்று 15 கூடினதற்கு நேரம் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் கூடிவிட்டது. எதிர்காற்றின் கெடுதி இதுதான், முதலில் மெதுவாகத் தின்னும், ஒரு அளவைத் தாண்டினால் விழுங்கிவிடும். புறா எதிர்காற்றில் கொஞ்சம் கூடுதல் உந்தலோடு பறக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உந்தலுக்கு உடம்பில் செலவு இருக்கிறது, அதை இலாபமாக எழுதாதீர்கள்.

காற்று நேராக வராமல் சாய்ந்து வந்தால்? முன்பக்கம் 45 பாகையில் வந்தால் அதன் வேகத்தில் பத்தில் ஏழு பங்கை எதிர்காற்றாக எடுங்கள். 60 பாகை என்றால் பாதி. நேர் பக்கக்காற்று 30 என்றால், புறா காற்றுக்குச் சாய்ந்து பறக்க வேண்டியதால் 65இல் கிட்டத்தட்ட 58 மிஞ்சும். ஹபரணையிலிருந்து 12 நிமிடம்தான் கூடும். கடிகாரத்தில் பார்த்தால் பக்கக்காற்று ஒன்றுமே இல்லாதது போல் தெரியும். சாய்ந்து பறக்கத் தெரிந்த புறாவுக்குத்தான் அந்த 12 நிமிடம். தெரியாததற்கு மேலே சொன்ன கடல்.

இதை வைத்து நான் பிடிக்கிற சட்டம்: காற்றோடு போட்ட நேரம், காற்றில்லாத நேரத்தின் இரண்டு மடங்கைத் தாண்டினால் பந்தயம் இல்லை. 65 வேகத்துக்கு எதிர்காற்று 32ஐ ஒட்டி வந்தால் அந்த எல்லை வந்துவிடும். பழைய புறாக்களுக்கு 25 வரை யோசிக்க மாட்டேன். 25க்கும் 32க்கும் நடுவில் பொதுவாக 60 கிலோமீற்றருக்குள் மட்டும், அதுவும் விடிந்தவுடன் விட முடிந்தால். குஞ்சுகளுக்கு 15, ஏற்கெனவே எதிர்காற்றில் பழகியிருந்தால் 20. பொத்துவிலிலிருந்து நேர்வடக்குக் காற்று 30இல் 95 கிலோமீற்றர் வர 2 மணி 40 நிமிடத்துக்கு மேல் போகும். தை மாதத்து வெயிலில், மழை இல்லாவிட்டால், பழைய புறாவுக்கு அது முடியாத வேலையல்ல. எல்லைக்குள் நின்றாலும் அது 60 கிலோமீற்றரைத் தாண்டிய தூரம், ஆகவே அன்றைக்கு என் கையில் ஏறுகிற புறா மூன்றோ நான்கோதான்.

மழை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வாடைக் காலத்தில் பாதையில் எங்காவது அடைமழை நின்றால் காற்று 10 என்றாலும் விடாதீர்கள். நமக்கு வருசத்து மழையில் பெரும்பங்கு நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் கொட்டுகிறது. நவம்பரில் பந்தயம் வைப்பதே எனக்குச் சம்மதமில்லை. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது, அந்த மாதத்து வங்காள விரிகுடாவை யாரும் நம்பக் கூடாது.

அறிக்கையை எப்படிப் பார்ப்பது

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை தமிழிலேயே வருகிறது. அதில் கடற்பரப்புக்குத் தருகிற காற்றைப் பாருங்கள், பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை என்று பிரித்துச் சொல்வார்கள். அப்புறம் போனில் விண்டி போன்ற செயலி ஒன்றைத் திறந்து மூன்று இடத்தைத் தொட்டுப் பாருங்கள்: விடுகிற இடம், நடு வழி, கூடு. வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக் காற்றை மட்டும் பார்க்கிறவர்கள் அதிகம். ஹபரணையில் காடு மறைத்துக் காற்றே இருக்காது, வெலிக்கந்தை வெளியில் வந்தவுடன் பிடித்துக்கொள்ளும்.

செயலியில் சராசரி வேகத்துக்குக் கீழே வன்காற்று என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், உதாரணமாக சராசரி 20, வன்காற்று 45 என்றால், சராசரியை மறந்துவிட்டு நடுவில் ஒரு எண்ணை எடுங்கள். விட்டுவிட்டு அடிக்கிற காற்று ஒரே சீராக அடிக்கிற காற்றைவிடப் புறாவைக் களைப்பாக்கும்.

மறுகா, உயரம். தரையில் காட்டுகிற காற்றும் 100 மீற்றர் உயரத்துக் காற்றும் ஒன்றல்ல. செயலியில் உயரத்தை மாற்றிப் பார்க்கலாம். விடியற்காலையில் இது முக்கியம். இரவில் தரை குளிர்ந்து கீழே காற்று படுத்துவிடும், மேலே அது படுப்பதில்லை. ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று "ஒரு சொட்டுக் காத்தும் இல்ல" என்று சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். எட்டரை, ஒன்பதுக்குத் தரை சூடேறினவுடன் மேலே ஓடின காற்று கீழே இறங்கிவிடும். அந்த நேரம் உங்கள் புறா நடு வழியில். விடிய மேகம் ஓடுகிற வேகத்தைப் பாருங்கள், கீழே ஓலை அசையாமல் இருக்க மேலே மேகம் விரைந்து ஓடினால் அன்றைக்குக் கச்சான் வரப்போகிறது என்று என் மாமா சொல்வார். அவர் முகத்துவாரத்தில் வள்ளம் தள்ளினவர், செயலி அவருக்குத் தேவைப்படவில்லை.

கடற்காற்றையும் கணக்கில் சேருங்கள். கச்சான் அமுக்காத நாட்களில் முற்பகல் பத்து, பதினொன்றுக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். மேற்கிலிருந்து வருகிற புறாவுக்குக் கடைசித் துண்டில் அது நேர் எதிர்காற்று. காலையில் பின்காற்றில் பறந்து வந்த புறா, வீட்டுக்குப் பக்கத்தில் வந்து செங்கலடியில் திணறுவது இதனால்தான். ஆகவே கச்சான் மாதங்களில் என் கணக்கில் கடைசிப் புறாவும் பதினொன்றுக்கு முன் கூட்டுக்குள் இருக்க வேண்டும். அது முடியாத தூரமோ காற்றோ என்றால் அந்தப் பந்தயம் வேண்டாம். வெயில் காரணம்தான் பெரிது. புறாவுக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத் தண்ணீரை இழந்துதான் உடம்பைக் குளிர வைக்கும். காய்ந்த கச்சானில் அந்தத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். பின்காற்று என்று சந்தோசப்பட்டு 36 பாகை வெயிலில் ஒன்பது மணிக்கு விடுகிறவர்கள் புறாவைப் பற்றி யோசிக்கவில்லை.

செயலி இல்லாதபோது கண்ணே போதும். பிரித்தானியக் கடற்படைக்காரர் பிரான்சிஸ் பியூபோர்ட் 1805இல் தொடங்கி வைத்த அளவு இன்றும் வேலை செய்கிறது. தூசியும் கடதாசித் துண்டும் எழும்பி, சின்னக் கிளை ஆடினால் 20இலிருந்து 28. சிறு மரங்கள் முழுதாக அசைந்து, வாவி போன்ற உள்நாட்டுத் தண்ணீரில் சிற்றலைக்கு நுரை கட்டினால் 29இலிருந்து 38. பெரிய கிளை ஆடி மின்கம்பி கூவினால் 39க்கு மேல். நான் முதல்நாளே பாலத்தில் நின்று வாவியைப் பார்த்துவிடுவேன். வெள்ளை கட்டத் தொடங்கியிருந்தால் நாளைய பட்டியலில் குஞ்சுகளுக்கு இடமில்லை.

எதைக் கூடையில் போடுவது

விடுவது என்று முடிவானாலும் எல்லாப் புறாவையும் அனுப்புவதில்லை. கையில் எடுத்து நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் தசை நிரம்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிறகை விரியுங்கள். பெரிய இறகு பத்தும் உள்ளிருந்து வெளியே ஒழுங்காக உதிரும், உள்பக்க முதலாவது போனால் அவ்வளவு பாதிப்பில்லை. வெளிப்பக்கம் ஒன்பது, பத்து பாதி வளர்ந்த நிலையில் இருந்தால் எதிர்காற்றுக்கு அது ஆகாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இறகு இல்லாத புறாவும் அப்படித்தான்.

அடைகாக்கிற புறா, குஞ்சுக்கு ஊட்டுகிற புறா வேகமாக வரும். புறா முட்டை பொரிக்கப் பதினேழு, பதினெட்டு நாள். பத்து நாள் தாண்டி அடையில் இருக்கிற பெட்டையை நான் கடினமான காற்றுக்கு நம்பி அனுப்புவேன். முட்டையிடப் போகிற பெட்டையை எந்தக் காற்றுக்கும் அனுப்ப மாட்டேன். வெறும் வேகத்துக்குப் பெயர் போன புறாக்கள் சில இருக்கின்றன, பின்காற்றில் முதலாவதாக வந்து கூரையில் ஆட்டம் போடும். எதிர்காற்றில் அவற்றின் பெயர் கடைசியில்தான் வரும். கொப்பியில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பக்கத்தில் காற்றின் திசையையும் எழுதி வைத்தால் ஒரு வருசத்திலேயே எது எந்தக் காற்றுக்காரன் என்று தெரிந்துவிடும். இது என் கூட்டில் எந்த மருந்தையும்விட அதிகம் உதவியிருக்கிறது.

குஞ்சுகளுக்கு எதிர்காற்றைப் பழக்கியே ஆக வேண்டும், பந்தயத்தில் அல்ல. செங்கலடியிலிருந்து 14 கிலோமீற்றர் அளவு, அப்புறம் வாழைச்சேனையிலிருந்து 30. இந்தத் தூரத்தில் கடற்காற்று எழும்பின பிறகு வேண்டுமென்றே விடுங்கள். முதல் தரம் பிந்தி வரும், கூட்டமாக விட்டது சிதறி ஒன்றொன்றாக வரும். அது பரவாயில்லை. எதிர்காற்றில் புறா தாழ்ந்து பறக்கக் கற்றுக்கொள்கிறது, ஏனென்றால் தரைக்குக் கிட்டக் காற்று குறைவு. தாழ்வாகப் பறப்பதில் ஆபத்தும் இருக்கிறது, மின்கம்பி ஒன்று, வேட்டைப் பறவை இன்னொன்று. சிகிரியாப் பாறையில் ஷாஹீன் இராசாளி குடியிருக்கிறது, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து வலசை வருகிற இராசாளிகளும் வாவிக் கரைகளில் நிற்கும். ஹபரணையில் எதிர்காற்றில் மெதுவாகத் தாழ்ந்து போகிற புறா அதுகளுக்கு நல்ல சாப்பாடு. காற்று கூடின நாளில் கூட்டமாக ஒரே நேரத்தில் விட்டால் கொஞ்சம் தப்பும்.

தீனியைப் பற்றி நீட்ட மாட்டேன். நீண்ட நேரம் பறக்கிற புறா கொழுப்பை எரித்துத்தான் பறக்கும். கடினமான பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னிருந்து சோளத்தைக் கூட்டி, கொஞ்சம் கச்சான் (தின்கிற கச்சான், நிலக்கடலைதான்) சேருங்கள். அடைக்கிற அன்று வயிறு நிரம்பத் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் கடைசி வரை.

விடுகிற இடத்தில்

இரவு எடுத்த முடிவு இறுதி முடிவல்ல. கூடையோடு போகிற ஆளுக்கு விடாமல் திரும்புகிற அதிகாரம் இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தைக் கூடை அடைக்க முன்பே எல்லோரும் ஒத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். நுழைவுக் காசு கட்டின பிறகு பேசினால் காசுதான் பேசும். எங்கள் ஆட்கள் எழுதி வைத்திருப்பது இப்படி: விடியலுக்குப் பிறகு எட்டு மணி வரை பொறுப்பது, அதற்குள் காற்று சரிவராவிட்டால் திரும்புவது, காசு அடுத்த பந்தயத்துக்குப் போவது. ஒருவர் மட்டும் தன் கூடையைத் தனியாகத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி எழுதாத இடங்களில் சண்டைதான் நடக்கிறது.

போனவர் கூடையை நிழலில் இறக்கி, தண்ணீர் வைத்து, குறைந்தது அரை மணிநேரம் ஆற விட வேண்டும். அந்த நேரத்தில் நடு வழியில் உள்ள ஒருவருக்கும் கூட்டுப் பக்கத்தில் உள்ள ஒருவருக்கும் போன் எடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். "உங்கட தலைக்கு மேல மேகம் எந்தப் பக்கம் ஓடுது?" "மழை இருட்டு எங்கயாவது நிக்குதா?" காற்று கூடவா குறைவா என்று கேட்காதீர்கள், ஒவ்வொருவருடைய "கூட"வும் ஒவ்வொரு அளவு. காத்தான்குடியில் எங்களுக்குப் போன் எடுக்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் இருக்கிறார், மேகத்தைக் கேட்டால் மேகத்தை மட்டும்தான் சொல்வார். அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

பலமான பின்காற்றில் விடுகிற நாளில் கூட்டுப் பக்கமும் வேலை இருக்கிறது. 40 கச்சானில் ஹபரணைப் புறா ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்து வந்துவிடும், அதுவும் உயரமாக. எங்கள் கூடுகளுக்குப் பின்னால் உடனே கடல். வேகத்தில் கூட்டைத் தாண்டிப் போன குஞ்சு தண்ணீருக்கு மேல் போய்த் தடுமாறும். கூரையில் நாலைந்து வெள்ளைப் புறாவை விட்டு வைத்தால் மேலே இருந்து பார்த்து இறங்கும். கணக்குப் போட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே அவற்றை வெளியே விடுங்கள்.

பிந்தி வந்த புறாவுக்கு முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்) கரைத்துக் கொடுக்கலாம். தீனி கொஞ்சம் பொறுத்து, நெல்லு மாதிரி இலேசாக. வராத புறாவுக்காக இரண்டு மூன்று நாள் வாசலைத் திறந்து வையுங்கள். எதிர்காற்றில் களைத்த புறா வயலில் இறங்கும். விதைப்புக் காலத்தில் பூச்சிமருந்து தடவின நெல்லைத் தின்றால் அது வராது, அதனால் பெரும்போக விதைப்பு நடக்கிற ஒக்டோபரில் எதிர்காற்று நாளை நான் இன்னும் கடுமையாகத் தள்ளி வைப்பேன்.

திரும்புவது என்று முடிவானால் கூடையை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். வெலிக்கந்தையில் ஒருதரம் நிறுத்தி மேகத்தைப் பாருங்கள், சரியென்றால் பழைய புறாக்களை அங்கே விடலாம். 55 கிலோமீற்றர் அளவுதான். குஞ்சுகளை வாழைச்சேனை வரை கொண்டுவந்து, றோட்டிலிருந்து உள்ளே, கடலுக்கு முதுகு காட்டுகிற வெளியாகப் பார்த்துத் திறவுங்கள். வெயில் ஏறிவிட்டால் அதுவும் வேண்டாம், தண்ணீரை வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வாருங்கள்.